சிந்தனையை அளக்கும் கோல்



உன்னிடம் ஒரு கேள்வி. "கம்ப்யூட்டர் உனக்கு எவ்வளவு தெரியும்?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வாய்?

"நல்லாத் தெரியும்" என்பாய். சரி, எவ்வளவு நல்லா? உன் உயரத்தைச் சென்டிமீட்டரில் சொல்லிவிடலாம். எடையைக் கிலோவில் சொல்லிவிடலாம். கம்ப்யூட்டர் அறிவை எதில் சொல்வது? தலைக்குள் நடக்கும் யோசனையை எப்படி அளப்பது?

இந்தக் கேள்வி உனக்கு முன்பே தோன்றியிருந்தால், சபாஷ்! ஆராய்ச்சியாளர்கள் பல வருடமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி இது. அவர்கள் என்ன வழி கண்டார்கள் என்று பார்ப்போம், வா.

இரண்டு திறமைகள்

கம்ப்யூட்டர் அறிவு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதற்குள் இரண்டு திறமைகள் இருக்கின்றன.

ஒன்று, டிஜிட்டல் எழுத்தறிவு. இணையத்தில் வேண்டிய தகவலைத் தேடி எடுப்பது, அது மெய்யா பொய்யா என்று பார்ப்பது, அதை மற்றவருக்குப் புரியும்படி எழுதியோ வரைந்தோ காட்டுவது, கடவுச்சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எல்லாம் இதில் சேரும்.

இன்னொன்று, கணினிச் சிந்தனை. பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரிப்பது, எது முதலில் எது பிறகு என்று வரிசைப்படுத்துவது, திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொள்வது, தப்பு எங்கே இருக்கிறது என்று தேடித் திருத்துவது. இவை கணினிச் சிந்தனை.

2006-இல் ஜெனட் விங் என்ற அமெரிக்கக் கணினிப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். வாசிப்பு, எழுத்து, கணக்கு போலவே இந்தச் சிந்தனையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்றார். அதன்பிறகு பல நாடுகளின் பள்ளிக்கூடங்களில் இதைப் பற்றிய பேச்சு பெருகியது.

செல்போனில் விரலை வேகமாக ஓட்டுவது இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை, கவனித்தாயா? அதை மனதில் வைத்துக்கொள். பின்னால் வேண்டியிருக்கும்.

கேட்டால் தெரியாது, செய்தால் தெரியும்

"உனக்கு இணையத்தில் தேடத் தெரியுமா?" என்று வகுப்பில் கேட்டால் எல்லாக் கையும் மேலே போகும். அதை வைத்து எதையும் அளக்க முடியாது. யோசனை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யோசித்துச் செய்த வேலை கண்ணுக்குத் தெரியும். ஆகவே, வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.இ.ஏ. என்ற பன்னாட்டுக் கல்வி ஆய்வு அமைப்பு இப்படித்தான் செய்கிறது. அது நடத்தும் தேர்வின் பெயர் ஐசில்ஸ். முதலில் 2013-இல் நடந்தது. பிறகு 2018-இல், பிறகு 2023-இல். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்து எழுதுவார்கள். டிஜிட்டல் எழுத்தறிவை முதலிலிருந்தே அளந்தார்கள். 2018 முதல், விரும்பிய நாடுகளில் கணினிச் சிந்தனையையும் அளக்கிறார்கள். 2023 வரை இந்தியா இதில் பங்கெடுக்கவில்லை.

2018-இல் கணினிச் சிந்தனைக்கு இரண்டு பகுதிகள் வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம். ஒன்று, ஓட்டுநர் இல்லாமல் ஓடும் பேருந்து. இன்னொன்று, வயலுக்கு மேலே பறக்கும் ட்ரோன். திரையில் வயல் தெரியும். பக்கத்தில் கட்டளை எழுதிய கட்டைகள் இருக்கும். அவற்றை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் ட்ரோன் பறந்துபோய்ப் பயிருக்குத் தண்ணீரோ உரமோ போடும்.

கேட்கவே ஆசையாக இருக்கிறது அல்லவா? உனக்காக அதே மாதிரி ஒரு புதிர் செய்து வைத்திருக்கிறேன். பென்சிலை எடு.

ட்ரோனும் ஐந்து மாமரங்களும்

ஒரே வரிசையில் ஐந்து மாமரங்கள். ட்ரோன் முதல் மரத்துக்கு நேர் மேலே நிற்கிறது. உன்னிடம் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. "போ" என்றால் அடுத்த மரத்துக்கு நகரும். "ஊற்று" என்றால் கீழே தண்ணீர் விடும். ஐந்து மரத்துக்கும் தண்ணீர் கிடைக்க வேண்டும்.

உன்னைப் போன்ற ஒரு பிள்ளை இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: போ, ஊற்று, போ, ஊற்று, போ, ஊற்று... இப்படியே ஐந்து தடவை. மொத்தம் பத்துக் கட்டைகள்.

இன்னொரு பிள்ளை கொஞ்சம் யோசிக்கிறது. "ஒரே ஜோடிதானே திரும்பத் திரும்ப வருகிறது?" உடனே "5 முறை செய்" என்ற கட்டையை எடுக்கிறது. அதற்குள் போ, ஊற்று. மூன்றே கட்டைகள்! ஐசில்ஸ் ட்ரோன் வேலையில் வேலை முடிந்ததா என்றும் பார்ப்பார்கள், எத்தனை கட்டைகளில் முடிந்தது என்றும் பார்ப்பார்கள்.

இதுவரை புரிந்ததா? சரி, இப்போது ஒரு ரகசியம். இரண்டு பிள்ளைகளுமே ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள். எங்கே என்று சொல் பார்ப்போம். மேலே போய் இன்னொரு தடவை படி. நான் காத்திருக்கிறேன்.

கண்டுபிடித்தாயா?

ட்ரோன் முதல் மரத்தின் மேல்தானே நின்றது? முதல் கட்டளையே "போ". அது இரண்டாவது மரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. பிறகு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று தண்ணீர் ஊற்றுகிறது. ஐந்தாவது தடவை ஐந்தாம் மரத்தையும் தாண்டி வெறும் தரையில் ஊற்றுகிறது. பாவம், முதல் மரம் காய்ந்துபோய் நிற்கிறது!

திருத்துவது சுலபம். வரிசையை மாற்று. முதலில் "ஊற்று", பிறகு "போ". இப்போது ஐந்து மரமும் நனையும். கட்டைகள் அதே மூன்றுதான். இடம் மாறியது, தோட்டமே பிழைத்தது.

இப்படி ஒரு எண் தள்ளிப்போகும் தப்பு, பெரிய பெரிய மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் அடிக்கடி வருவதுதான். அவர்களும் இதே மாதிரி ஒவ்வொரு அடியாக நடந்து பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். நீ இப்போது செய்ததும் அதுதான். அந்த ஒரு நிமிடத்தில் உன் தலைக்குள் நடந்ததற்குப் பெயர் கணினிச் சிந்தனை.

எண் எப்படி வருகிறது?

வேலை கொடுத்தாயிற்று. பிள்ளைகள் செய்துவிட்டார்கள். இதை எப்படி ஒரு எண்ணாக மாற்றுவது?

பள்ளி விளையாட்டு விழாவில் உயரம் தாண்டும் போட்டியை நினைத்துக்கொள். முதலில் கம்பைத் தாழ்வாக வைப்பார்கள். அநேகமாக எல்லோரும் தாண்டிவிடுவார்கள். கம்பு ஏற ஏற ஆள் குறைவார்கள். கடைசியில் ஒரே ஒருவர் நிற்பார். எத்தனை தடவை குதித்தாய் என்பதை விட எந்தக் கம்பைத் தாண்டினாய் என்பதுதான் உன் திறமையைச் சொல்லும்.

தேர்வில் ஒவ்வொரு கேள்வியும் ஒரு கம்பு. நிறையப் பேர் சரியாகச் செய்த கேள்வி தாழ்வான கம்பு. சிலர் மட்டும் செய்தது உயரமான கம்பு. கேள்வியின் கடினத்தையும் பிள்ளையின் திறமையையும் ஒரே அளவுகோலில் குறித்துவிடுகிறார்கள். அதனால்தான் எல்லோருக்கும் ஒரே கேள்விகள் கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை. உனக்கு ஒரு தொகுதி, உன் தோழிக்கு வேறு தொகுதி என்றாலும் இருவரையும் சரியாக ஒப்பிடலாம்.

2013-இல் பங்கெடுத்த நாடுகளின் சராசரியை 500 என்று வைத்தார்கள். டிஜிட்டல் எழுத்தறிவை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். முதல் படி 407-இல் தொடங்குகிறது. அடுத்தடுத்த படிகள் 85 புள்ளி இடைவெளியில் வருகின்றன.

முதல் படியில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு இணைப்பைத் திறக்கத் தெரியும், எழுத்தின் நிறத்தை மாற்றத் தெரியும். இரண்டாம் படியில், சொன்ன இடத்தில் நேரடியாக இருக்கும் தகவலைத் தேடி எடுக்கத் தெரியும். மூன்றாம் படியில், தானாகவே தேடி, தேர்ந்தெடுத்து, ஒழுங்காக அடுக்கத் தெரியும். நான்காம் படியில்தான், "இதை நம்பலாமா? யார் சொன்னது? எதற்காகச் சொன்னார்?" என்று சீர்தூக்கிப் பார்க்கத் தெரியும்.

நான்காம் படியை எத்தனை பேர் எட்டினார்கள் தெரியுமா? 2018-இல் 100-க்கு 2 பேர்தான்.

பூ சொன்ன பொய்

நம்பலாமா என்று பார்ப்பது அவ்வளவு கஷ்டமா என்று கேட்கிறாய். நல்ல கேள்வி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் இதே சந்தேகம் வந்தது. அவர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு தேர்வு இருந்தது.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு புகைப்படம் காட்டினார்கள். டெய்சி என்ற வெள்ளைப் பூக்கள். ஆனால் உருக்குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, விநோதமாக இருந்தன. ஜப்பானில் 2011-இல் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது அல்லவா? அங்கே பூத்த பூக்கள் இவை என்று படத்தோடு எழுதியிருந்தது. "அந்த அணுமின் நிலையத்தைச் சுற்றி நிலைமை எப்படி என்பதற்கு இது வலுவான ஆதாரமா?" இதுதான் கேள்வி.

நீ என்ன சொல்வாய்? ஒரு நிமிடம் யோசி.

ஏறக்குறைய 40 சதவீதப் பிள்ளைகள் "ஆமாம், வலுவான ஆதாரம்" என்றார்கள். படமே இருக்கிறதே என்பது அவர்கள் நியாயம். சரியான பதிலுக்குத் தேவை இரண்டே கேள்விகள். இந்தப் படத்தைப் போட்டவர் யார்? இது ஃபுகுஷிமாவில்தான் எடுத்தது என்பதற்கு என்ன சாட்சி? படம் நிஜமாகவே இருக்கலாம். எடுத்த இடம் வேறாக இருக்கலாம் அல்லவா? இப்படி நன்றாக விசாரித்துப் பதில் எழுதியவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு.

அந்த ஆய்வாளர்கள் அதோடு விட்டுவிடவில்லை. செய்தி உண்மையா என்று சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், சரித்திரப் பேராசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோரைக் கணினி முன் உட்காரவைத்து, என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். மாணவர்கள் ஒரே பக்கத்தை மேலிருந்து கீழ்வரை அக்கறையாகப் படித்தார்கள். படித்த பேராசிரியர்களிலும் பலர் அப்படித்தான் செய்தார்கள். சரிபார்ப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கத்தைச் சட்டென்று விட்டு வெளியே வந்தார்கள். புதிய தாவலைத் திறந்து, "இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று தேடினார்கள். சீக்கிரம் உண்மையைக் கண்டுபிடித்தவர்களும் அவர்கள்தான்.

பிறகு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மொத்தம் ஆறு பாடவேளை. ஒவ்வொன்றும் 50 நிமிடம். முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். அந்தப் பாடம் படித்த பிள்ளைகள், படிக்காதவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்.

அளப்பது எதற்கு என்று இப்போது புரிகிறதா? யாரையும் மட்டம்தட்ட அல்ல. எது தெரியவில்லை என்று தெரிந்தால்தான் அதைச் சொல்லிக்கொடுக்க முடியும். சொல்லிக்கொடுத்தது ஏறியதா என்றும் பார்க்க முடியும்.

அளந்தபோது தெரிந்தவை

பெரியவர்கள் நிறையப் பேர் ஒரு விஷயத்தை நம்பினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிறக்கும்போதே செல்போனோடு பிறக்கிறார்கள், அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம் என்று. அளந்து பார்த்தபோது அது சரியில்லை என்று தெரிந்தது. 2023 ஐசில்ஸ் தேர்வில் பங்கெடுத்த ஐரோப்பிய ஒன்றிய நாடுகளை எடுத்துக்கொள். வசதியான நாடுகள்தான். அங்கேயே 100-க்கு 43 பேர் இரண்டாம் படியை எட்டவில்லை. கையில் கருவி இருந்தால் மட்டும் போதாது. யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்தது. டிஜிட்டல் எழுத்தறிவில் சராசரியாகப் பெண் பிள்ளைகள்தான் முன்னால் நின்றார்கள். 2013-இலும் அப்படித்தான், 2018-இலும் அப்படித்தான். கம்ப்யூட்டர் ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று உன்னிடம் யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல், கண்ணு.

மூன்றாவது, கொஞ்சம் வருத்தமான விஷயம். வசதியான வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாகவும், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் குறைவாகவும் மதிப்பெண் வாங்கினார்கள். அது அந்தப் பிள்ளைகளின் குறை அல்ல. அவர்கள் படிக்கும் பள்ளிக்கு முதலில் உதவி போகவேண்டும் என்று அந்த எண் நமக்குச் சொல்கிறது.

கணினியே இல்லாமல் கணினிச் சிந்தனை

"எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே மாமா" என்கிறாயா? கவலைப்படாதே. கணினிச் சிந்தனைக்குப் பென்சிலும் காகிதமும் போதும்.

லித்துவேனியா என்ற சின்ன நாட்டில், வாலன்டினா டாகியெனே என்ற பேராசிரியர் 2004-இல் பெப்ராஸ் என்ற போட்டியைத் தொடங்கினார். மரத்தைக் கடித்து ஆற்றில் அணை கட்டும் பீவர்தான் அதன் சின்னம். முன்கூட்டிப் படிக்கவேண்டியது எதுவும் இல்லை. ஒரு கேள்விக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். படிக்க வேண்டும், யோசிக்க வேண்டும், விடை சொல்ல வேண்டும். இன்று பல நாடுகளில் நடக்கிறது. இந்தியாவிலும் நடக்கிறது.

தமிழ்நாட்டில் படிக்கிறாய் என்றால் உன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார். "தகவல் செயலாக்கம்" என்று ஒரு பாடம் இருக்கும். அதுவும் இந்தச் சிந்தனைக்கான பயிற்சிதான். அதை வேகமாகத் தாண்டிப் போய்விடாதே!

அந்த மாதிரி ஒரு கேள்வி நான் தருகிறேன். நீ இரண்டு காற்றாடி செய்ய வேண்டும். ஒரு காற்றாடிக்கு மூங்கில் குச்சி கட்ட 10 நிமிடம். காகிதம் ஒட்ட 5 நிமிடம். பசை காய 20 நிமிடம். நூல் கட்ட 5 நிமிடம். ஆக 40 நிமிடம். இரண்டுக்கும் எவ்வளவு?

80 என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதே. பசை காயும்போது நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்? சும்மாதானே இருக்கிறாய்? அந்த நேரத்தில் இரண்டாவது காற்றாடிக்குக் குச்சி கட்டிக் காகிதமும் ஒட்டிவிடலாமே! கடிகாரத்தோடு போட்டுப் பார். முதல் காற்றாடி 15-ஆவது நிமிடத்தில் காயப் போகும். இரண்டாவது 30-ஆவது நிமிடத்தில் காயப் போகும். முதலாவது 35-இல் காய்ந்துவிடும். 40-க்குள் நூல் கட்டிவிடுவாய். இரண்டாவது 50-இல் காயும். 55-ஆவது நிமிடம் இரண்டும் கையில்!

ஒரு வேலை காத்திருக்கும்போது இன்னொரு வேலையைப் பார்ப்பது. கணினியும் உள்ளே ஓயாமல் இதைத்தான் செய்கிறது. இந்தக் கேள்விக்கு 80 என்றவருக்கும் 55 என்றவருக்கும் கூட்டல் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் யோசனையில் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கேள்வி அளக்கிறது.

இந்தக் கோல் எட்டாத இடம்

எந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. தோற்றாலும் சோர்ந்துபோகாமல் மறுபடி முயலும் உன் பிடிவாதத்தை அரைமணி நேரத் தேர்வு முழுதாகக் காட்டாது. பக்கத்தில் இருப்பவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் உன் நல்ல மனதையும் அது காட்டாது. அதனால் ஒரு தேர்வில் எண் குறைந்தால் "எனக்கு வராது" என்று முடிவு கட்டிவிடாதே. அந்த எண் அன்றைக்கு நீ நின்ற படி. நாளைக்கு ஏறிக்கொள்ளலாம்.

சரி, போவதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம். நம் மாந்தோப்பில் இப்போது மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து மரம். ட்ரோன் முதல் வரிசையின் முதல் மரத்துக்கு மேலே நிற்கிறது. "போ", "ஊற்று" என்ற இரண்டும் உன்னிடம் இருக்கின்றன. "அடுத்த வரிசைத் தொடக்கத்துக்குப் போ" என்று புதிதாக ஒரு கட்டை தருகிறேன். "இத்தனை முறை செய்" என்ற கட்டையை எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். ஒன்றுக்குள் ஒன்றை வைக்கவும் செய்யலாம். பதினைந்து மரமும் நனைய வேண்டும். மொத்தம் ஐந்தே கட்டைகளில் முடியும்.

எழுதி முடித்ததும் உன் தோழனையோ தோழியையோ கூப்பிடு. தரையில் பதினைந்து கூழாங்கற்களை மூன்று வரிசையாக அடுக்கு. அவர்தான் ட்ரோன். நீ எழுதியதை மட்டும் அவர் செய்யட்டும். நீ மனதில் நினைத்ததை அவராக ஊகித்துச் செய்யக்கூடாது. எந்தக் கல் தவறிப்போகிறது என்று பார். தவறினால் உன் வரிசையைத் திருத்து, மறுபடி அவரை நடக்கவிடு.